இரண்டாவது அழைப்பு

இந்த நாட்டில் ஒருவர் உங்களைத் தேநீர் குடிக்கிறீர்களா என்று ஒரே ஒரு முறைதான் கேட்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்குப் பின்னால் வேறு பொருள் இருக்கக்கூடும் என்று அவர் ஐயுறுவதில்லை. ஈராண்டுகளுக்கு முன், பயணக் களைப்போடும் இரண்டு பெட்டிகளோடும் வெரிபீ என்ற புறநகரில் நான் வாடகைக்கு எடுத்த அறையின் வாசலில் நின்றபோது, வீட்டுக்காரர் பிரையன், "டீ போடட்டுமா, மேட்?" என்று கேட்டார். தொண்டை வறண்டிருந்தது. ஆயினும் வளர்ந்த முறைப்படி, "பரவாயில்லை, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் தனக்கு மட்டும் ஒரு கோப்பை கலந்துகொண்டு வந்து எனக்கு எதிரில் அமர்ந்து, ஊதி ஊதிக் குடித்தபடி கால்பந்தாட்டத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்தக் கோப்பையிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே நான் இந்த நாட்டின் முதல் பாடத்தைக் கற்றேன்: கேட்டால் உடனே ஆம் என்று சொல்லிவிட வேண்டும்.

கற்ற பாடத்தைத் தவறான இடத்தில் ஒப்புவித்தேன். பகலில் கணக்கியல் மேற்படிப்பு, வாரத்தில் நான்கு நாள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை என்று என் வாழ்க்கை வகுக்கப்பட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஊழியர் அறைக்குள் நுழைந்தேன். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவர் மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, "காயின் தாயோ!" என்றார், பிறகு ஆங்கிலத்தில், "சாப்பிடலாம், வா" என்றார். பிரையனின் தேநீர் நினைவுக்கு வந்தது. நன்றி சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சோறும், காடியும் பூண்டும் சேர்த்து வேகவைத்த கோழியும். அவர் கண்களில் ஒரு நொடி திகைப்பு மின்னி மறைந்தது. பிறகு பெட்டியின் மூடியைத் தட்டாக்கி, சரிபாதியைப் பகிர்ந்து என் முன் நகர்த்தினார். அதைத் தின்று முடித்த பின்பே அறைக்குள் வந்த மற்ற மூன்று பிலிப்பினோக்களும் அதே அழைப்பைப் பெற்றதையும், மூவருமே, "இப்போதுதான் சாப்பிட்டேன், அக்கா" என்று பொய் சொல்லிச் சிரித்ததையும் கவனித்தேன். எதிரில் இருப்பவரை அழைக்காமல் ஒரு கவளமும் உண்ணக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அழைக்கப்பட்டவர் மறுக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். இரண்டாம் முறை அழைத்தால்தான் அது உண்மையான அழைப்பு. என் தாய் என்னிடம் இருபது ஆண்டுகள் வளர்த்த அதே மரியாதையை, அது என்னை எதிர்கொண்ட முதல் நாளே அடையாளம் தெரியாமல் தின்று தீர்த்திருந்தேன்.

அவர் பெயர் தெஸ்ஸி. அக்காவை அவர்கள் 'ஆத்தே' என்பார்கள். எங்கள் கோவில்பட்டியில் அது வியப்பில் எழும் ஒலி என்பதால் நான் அக்கா என்றே அழைத்தேன். மறுநாள் அவர் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். "உனக்குத் தனியாக வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் நான் பட்டினி" என்று எல்லோர் முன்னும் சொல்லிச் சிரித்தார். அதன்பின் பதினான்கு மாதங்கள் அந்த மேசையில் எனக்கொரு பெட்டி இருந்தது. சில நாள் கருவாடு. அதை நுண்ணலை அடுப்பில் சூடாக்கியதும் வெள்ளைக்கார ஊழியர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியேறுவார்கள். நாங்கள் இருவரும் ஒரு நாட்டைப் பிடித்துவிட்டவர்களைப் போல மேசை முழுவதையும் எடுத்துக்கொள்வோம்.

வேலையும் எங்களை இணைத்தே வைத்திருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தும் கருவியை இருவர் இல்லாமல் இயக்கக் கூடாது என்பது இல்லத்தின் விதி. ஒருவர் பட்டையைப் பிடிக்க, மற்றவர் பொத்தானை அழுத்த, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஒருமித்துச் சொல்லித் தூக்குவோம். ஒரு காலைப்பொழுதில் பதினோரு முறை. மதியம் முதுகு தனியாகக் கழன்று கிடப்பதைப் போலத் தோன்றும். அந்த வேளையில்தான் தெஸ்ஸி அக்கா கதை சொல்வார்.

ஊரிலிருந்து இதை வாசிப்போருக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாள்களில் நான் பேச்சுப்போட்டிகளில் பெற்ற கேடயங்களை வைக்க எங்கள் வீட்டில் தனி அலமாரி செய்ய வேண்டியிருந்தது. அதன் செருக்கு விமானத்தில் என்னோடு வந்தது. ஒரே நீலச் சட்டையைத்தான் அணிந்திருந்தோம். ஆனாலும் நான் மேற்படிப்புக்கு வந்தவன், அவர் பணிவிடைக்கு வந்தவர் என்று என் மனத்துக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். பிலிப்பைன்ஸைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியர் ஆண்டு புனிதர்களையும் குடும்பப் பெயர்களையும் விட்டுச் சென்றதையும், பின்னால் வந்த அமெரிக்கர் ஆங்கிலத்தையும் தகரத்தில் அடைத்த இறைச்சியையும் விட்டுச் சென்றதையும், இருபதாண்டுகள் ஒரே மனிதர் நாட்டைப் பிடித்து வைத்திருந்ததையும் அந்த மேசையில்தான் அறிந்தேன்.

அந்த மனிதரைப் பதவியிலிருந்து இறக்க மணிலாவின் நெடுஞ்சாலையில் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டபோது, தெஸ்ஸி அக்காவுக்குப் பத்தொன்பது வயது. டாங்கிகள் வந்து நின்றன. அவருடைய தாய் வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். "டாங்கியின் மேல் ஒரு சிப்பாய். என் வயதுதான் இருக்கும். துப்பாக்கி கையில். பொட்டலத்தைத் திறந்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எப்படிச் சொல்லாமல் இருப்பது? காயின் தாயோ என்றேன்."

"என்ன சொன்னான்?"

"இப்போதுதான் சாப்பிட்டேன் என்றான்." அக்கா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "டாங்கியின் மேலே எங்கே சாப்பிட்டிருப்பான்? மறுபடி கேட்டேன். இறங்கி வந்தான்."

இறங்க வேண்டியவர் இறங்கினார். நாடு தன் போக்கில் ஏழையாகவே இருந்தது. கணவர் வேறொரு குடும்பத்தோடு போய்விட, நான்கு வயது மகள் மரிதெஸ்ஸைத் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா ஹாங்காங்கில் வீட்டு வேலைக்குப் போனார். பல ஆண்டுகள் கழித்து இங்கே வந்தார். இப்படிக் கடல் கடந்தவர்களை அவர்கள் அரசு வீரர்கள் என்று வாழ்த்துகிறது. "வீரர்களுக்கு விமான நிலையத்தில் தனி வரிசை உண்டு. வரிசை நீளமாக இருக்கும்" என்றார் அக்கா. ஆண்டுதோறும் அவர் ஒரு பெட்டி அனுப்புவார். பாலிக்பயான் பெட்டி என்பது அதன் பெயர். ஊர் திரும்புகிறவரின் பெட்டி. திரும்ப முடியாதவர்கள் தமக்குப் பதிலாக அதைக் கப்பலேற்றுகிறார்கள். சோப்பு, சாக்லேட், தகர இறைச்சி, துண்டு, பற்பசை என மாதக்கணக்கில் அது அவர் அறையின் மூலையில் நிரம்பும். எல்லாவற்றுக்கும் மேல் மகளுக்குக் காலணி. அளவுக்காக, மகள் வெள்ளைத் தாளின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து அஞ்சலில் அனுப்புவாள். நான்கு வயதுப் பாதம் தொடங்கிப் பதினான்கு தாள்கள் அக்காவிடம் இருந்தன. ஒரு முறை அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எனக்குக் காட்டினார்.

அன்று அவர் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். மகள் ஓராண்டாகத் தொலைபேசிக்கு வருவதில்லை. பேச ஒன்றுமில்லை என்று சித்தியிடம் சொல்லி அனுப்பிவிடுகிறாள். "ஆனால் இந்த ஆண்டும் தாள் வந்தது. பேச வரவில்லை, தாளின் மேல் ஏறி நின்றிருக்கிறாள்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் இது தெரியாது என்றார்.

அந்த அக்டோபரில் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழாவில் பட்டிமன்றம். புலம்பெயர்ந்தோர் உறவைக் காத்து நிற்பது அனுப்பும் பொருளா, பேசும் சொல்லா என்பது தலைப்பு. நான் சொல்லின் அணியில். என்னிடம் கார் இல்லை. விழா நடந்த பள்ளி மண்டபமோ நகரின் மறுகோடியில். தெஸ்ஸி அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை ஏற்றிச் சென்றார். ஒரு சொல்லும் புரியாது என்று எச்சரித்தேன். "நீ பேசும்போது கை எப்படி ஆடும் என்று பார்க்க வேண்டும்" என்றார். பூப்போட்ட ஆடையும் முத்துத்தோடும் அணிந்து, விருந்தில் வைக்க ஒரு பெரிய தட்டு நிறைய பன்சித் என்னும் நூடுல்ஸ் சமைத்துக்கொண்டு வந்து, இரண்டாம் வரிசையில் அமர்ந்தார்.

எனக்கு முன் பேசியவர்கள் மண்டபத்தைத் தூங்க வைத்திருந்தார்கள். முதலில் சிரிக்க வை, பிறகு கலங்க வை, மணி அடிக்குமுன் முடி என்பது நான் பயின்ற முறை. குறிப்புத் தாளை மடித்துப் பையில் வைத்தேன். "நடுவர் அவர்களே! என்னோடு பணிபுரியும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய் ஒருவர் ஆண்டுதோறும் பெட்டி அனுப்புகிறார். சோப்பு அனுப்புகிறார், ஷாம்பு அனுப்புகிறார். ஓர் ஊரையே உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு அனுப்புகிறார்!" சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை நின்றேன். "மகளுக்குக் காலணி வாங்க, காகிதத்தில் பாத அளவு வருகிறது. ஆனால் ஓராண்டாக அந்த மகள் தாயோடு பேசவில்லை. எதிர் அணி நண்பர்களே, மகளின் கால் அளவு அந்தத் தாய்க்குத் தெரியும். மகளின் குரல் தெரியாது! பெட்டி நிரம்புகிறது, வீடு காலியாகிறது! ஐயம் இருந்தால், இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த அம்மையாரையே கேளுங்கள்!"

கையை நீட்டினேன். முந்நூறு தலைகள் திரும்பின. தன்னைப் பெருமைப்படுத்துகிறார்கள் என்று எண்ணிய தெஸ்ஸி அக்கா, வெட்கத்தோடு பாதி எழுந்து, எல்லோருக்கும் கையசைத்தார். கைதட்டல் வெடித்தது. அவரும் தட்டினார்.

தாளின் மேல் ஏறி நின்றிருக்கிறாள் என்ற பகுதியை நான் மேடையில் சொல்லவில்லை. மறந்ததால் அன்று. அதைச் சொன்னால் எதிர் அணி வென்றுவிடும்.

திரும்பும் வழியில் கேடயம் என் மடியில் இருந்தது. வெஸ்ட்கேட் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது அக்கா கேட்டார்: "அவர்கள் என்னைப் பார்த்தபோது என்ன சொன்னாய்?"

"நீங்கள் நல்ல தாய் என்று சொன்னேன்."

"அதற்கு ஏன் என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்தாள்?"

"நன்றாகச் சொன்னேன், அக்கா."

அவர் தலையசைத்தார். நான் கேடயத்தை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் இறக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை ஊழியர் அறைக்குப் போனபோது தெஸ்ஸி அக்கா அங்கே இல்லை. எங்கள் பிரிவின் பொறுப்புத் தாதி பவானி அன்ரி மட்டும் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தவர், விழாவில் மூன்றாம் வரிசையில் இருந்தவர்.

"தம்பி, நல்லாத்தான் பேசினீர்" என்றார். "சனம் முழுக்கக் கை தட்டினது. ஆனா அந்தத் தெஸ்ஸிப் பிள்ளையையும் கை தட்ட வச்சீர் பாரும், அதைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா, அன்ரி?"

"ஓம். காலமை வந்து கேட்டவ. நீர் சொன்ன பொய்க்கு நானும் சேர்ந்து ஒத்து ஊதச் சொல்லுறீரோ?" கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "கத்தினவ எண்டா எனக்கு மனசு ஆறியிருக்கும். தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டுப் போறா."

அக்கா சண்டையிடவில்லை. வழக்கத்தைவிட மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார். அவர் உணவுப் பெட்டியோடு வாகன நிறுத்துமிடத்துக்குப் போய்த் தன் காருக்குள் அமர்ந்து உண்டார். முதலில் அது வெறுப்பு என்று நினைத்தேன்; சில நாள் கழித்தே விளங்கியது. மேசையில் அமர்ந்தால் என்னை அழைத்தாக வேண்டும். அழைக்காமல் உண்ண அவர் வளர்ப்பு விடாது. அழைக்க அவர் மனம் விடாது. ஆகவே மழையிலும் வெயிலிலும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாரும் எதிரில் இல்லாத ஓர் இடத்தில் உண்டார். வேலையில் நாங்கள் இணையாகவே இருந்தோம். விதி அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று. நாளொன்றுக்குப் பதினோரு முறை. எங்களுக்கிடையே எஞ்சியிருந்த மொழி அவ்வளவுதான்.

இந்த நாட்டில் எனக்கிருந்தது அந்த ஒரு மேசைதான் என்பதை அது போன பிறகே உணர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் என் பெயரை உச்சரிக்க முயன்றவர்கள் பாதியில் கைவிட்டார்கள். தொடர்வண்டியில் அருகிலிருந்த இருக்கை பெரும்பாலும் காலியாகவே வந்தது. உடம்பின் களைப்பை உறக்கம் தீர்த்தது. மற்றதை எதுவும் தீர்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சரிசெய்யப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புரை எழுதி, மூன்று பகுதிகளாகப் பிரித்து, பிரையனின் குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து, கார் அருகே போய் நின்றேன். அக்கா கண்ணாடியைப் பாதி இறக்கினார். பேசினேன். குரல் வேண்டிய இடத்தில் சரியாகவே தழுதழுத்தது.

"முடிந்ததா?"

"முடிந்தது, அக்கா."

"பயிற்சி செய்திருக்கிறாய்."

"ஆமாம்."

"நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசினேன். சொல்லே உறவைக் காக்கிறது என்று முந்நூறு பேர் முன் நிறுவியவன் தன் வீட்டோடு பேசும் பேச்சு எப்படியிருக்கும் என்று வாசகர் அறிவது நல்லது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். அப்பா நல்லா இருக்காரா, இருக்காரு. அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். தொலைபேசியை எடுத்தால், "இரு, அம்மாட்ட குடுக்கேன்" என்பதோடு அவர் பங்கு முடியும். அன்று நான் அம்மாவிடம், அப்பாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொன்னேன்.

"என்னது, கால வரையணுமா? ஏண்டா, அங்க போயி ஜோசியம் கீசியம் பாக்க ஆரம்பிச்சிட்டியா?"

"ஷூ வாங்கி அனுப்பணும்மா."

"கோவில்பட்டில செருப்பே இல்லாமத்தான் உங்கப்பா வெறுங்காலோட அலையுறாராக்கும்!"

"வரைஞ்சு அனுப்பும்மா."

"சரி. சாப்பிட்டியா?" என்றாள். ஏற்கெனவே கேட்டிருந்தாள். இரண்டாம் முறை கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

டிசம்பரில் உறை வந்தது. பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் இரண்டு பாதங்கள். கோடு நடுங்கியிருந்தது; அம்மா குனிந்து வரைந்திருக்க வேண்டும். விரல்களுக்கிடையே பென்சில் நுழைந்த இடங்களில், அப்பா கூசிக் காலை இழுத்த தடமும் இருந்தது. ஓரத்தில், பயணச்சீட்டுக் கிழித்தே பழகிய அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: 'இடது கால் சற்றுப் பெரிது.' அவர் என் வாழ்நாளில் எனக்கு எழுதிய முதல் வாக்கியம் அதுதான். முப்பது ஆண்டுகள் ஓடும் பேருந்தில் இருக்கையின் மேல் சாய்ந்து, உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு நின்றவர். அதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு.

மறுநாள் மதிய இடைவேளையில் மழை. சட்டைக்குள் தாளை மறைத்துக்கொண்டு கார் வரை ஓடினேன். இந்த முறை ஒன்றும் பேசவில்லை. தாளை விரித்துக் கண்ணாடியின் மேல் வைத்தேன். உள்ளேயிருந்து தெஸ்ஸி அக்கா நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு எட்டி, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"யார்?"

"அப்பா."

"இதென்ன எழுதியிருக்கிறது?"

"இடது கால் சற்றுப் பெரிதாம்."

தாளை வாங்கி மடியில் வைத்து, ஈரம் பட்ட மூலையைத் தன் சட்டையின் நுனியால் ஒற்றி எடுத்தார். மகளின் தாளை நீவியதைப் போலவே ஓரத்தை நீவினார். "பெரிய காலுக்கு வாங்கு. எப்போதும் பெரிய காலுக்குத்தான். சின்னதற்குப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

"மரிதெஸ் பேசினாளா, அக்கா?"

"இல்லை." பிறகு, "பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. காலணி சரியாக இருக்கிறது என்று என் தங்கை சொன்னாள்" என்றார்.

அவர் மடியில், தாளுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பெட்டி திறந்திருந்தது. ஒரே பெட்டி. கருவாட்டு மணம் காரை நிறைத்திருந்தது. எதிரில் நான் நின்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"காயின் தாயோ" என்றார்.

காலை நான்கரை மணிக்கு ஒரு ரொட்டித் துண்டு தின்றதோடு சரி. ஆனாலும் இந்த முறை நான் அவசரப்படவில்லை. "இப்போதுதான் சாப்பிட்டேன், அக்கா" என்றேன்.

அவர் தலையசைத்தார். அப்பாவின் தாளைக் கவனமாக மடித்து, நனையாத இடமாகப் பார்த்து முகப்புப் பலகையின் மேல் வைத்தார். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. என் வலது கால் காருக்குள்ளே, மிதியடியின் மேல் இருந்தது. இடது கால் வெளியே, தேங்கிய நீரில் நனைந்துகொண்டிருந்தது. கதவை மூடவும் இல்லை, உள்ளே ஏறவும் இல்லை. அவர் மறுபடி கேட்பதற்காகக் காத்து நின்றேன்.